இதர விவரம்

செங்கோட்டையிலிருந்து மேற்கே
சாலை வயலுக்கு நடுவே நேராகி
புளியரை செக்போஸ்ட்டைக் கண்டதும்
பாதி மலையாளம் பேசத் தொடங்கும் இடத்தில்
நின்றிருந்தது வைக்கோல் லாரி.
ஒரு பின்விளக்கைக் கட்டு மறைத்திருந்தது.
மற்றது எரியவில்லை.
வைக்கோல் மெத்தென்றுதான் இருக்கும்.
அதற்குப் பின்னால் இரும்பு இருக்கும்.

நான் சர்வேயர். மறுநாள் வருகிறவன்.
பம்பர், பானெட், ரேடியேட்டர், இடது கதவு,
மாற்றவேண்டியது, தட்டி நிமிர்த்தக்கூடியது என்று
உலகத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறவன்.

முன்கண்ணாடி நொறுங்கியும் விழாமல் தொங்குகிறது.
அதன் மூலையில் ஷோரூம் ஒட்டிய ஸ்டிக்கர்
ஒரு கீறலில்லாமல்:
பெரியவர்களுக்கு ஐந்து நட்சத்திரம்
குழந்தைகளுக்கு ஐந்து நட்சத்திரம்.

பயிற்சி வகுப்பில் ஒரு படம் போட்டுக் காட்டினார்கள்.
அறுபத்து நாலு கிலோமீட்டர் வேகம்.
தேன்கூடு மாதிரி அலுமினியத் தடுப்பு.
மோதுவதற்கு முன்
பொம்மைகளின் முகத்தில் சாயம் பூசுகிறாள் ஒருத்தி.
நெற்றிக்கு நீலம், மூக்குக்குச் சிவப்பு, தாடைக்குப் பச்சை,
கூத்துக்கு ஆள் தயார்செய்வதுபோல
அவ்வளவு நிதானமாக.
காற்றுப்பை விரிந்து அடங்கியபின்
எந்த நிறம் எங்கே பதிந்தது என்று அளப்பார்களாம்.
நாங்கள் சிரித்தோம். டீ வந்தது.

இங்கே சாயம் பூச ஆள் தேவைப்படவில்லை.
பண்பொழி மலையில் வண்டிக்குப் பூஜை போட்டுத்
திரும்பியிருக்கிறான் புனலூர் பிஜேஷ்.
ஸ்டீயரிங் பையின் நடுவில்
இரண்டு விரல் அகலத்துக்குச் சந்தனம்,
எங்கே விழவேண்டுமோ சரியாக அங்கே.
அவனுக்கு மணிக்கட்டு முறிவு. அவ்வளவுதான்.
ஐந்தும் வேலை செய்திருக்கின்றன.
நான் குறை சொல்ல மாட்டேன்.

பின்னிருக்கையில் வைக்கோலை ஒதுக்கியபோதுதான்
அது கிடைத்தது.
கிடைத்தது என்பது தப்பு. இருந்தது,
பூட்டுக்குள், ஒழுங்காக:
பெல்ட் இல்லாமல் பெல்ட்டின் நாக்கு மட்டும்.
வண்டியின் வாயை அடைக்க
நூற்றிருபது ரூபாய்க்கு விற்கிற துண்டு.

அங்கே உட்கார்ந்திருந்தவள் அவன் அக்கா, ரெஜினி.
அவள் பெயர் வேறொரு படிவத்தில் இருக்கிறது.
அது என் மேஜைக்கு வராது.

தென்காசி ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணினான்.
"சாரே, அஞ்சு ஸ்டார் வண்டியாணு."
ஆமாம் என்றேன்.
"அஞ்சு ஸ்டார் ஆணு, சாரே."
ஆமாம் என்றேன்.
பிறகு வார்டு ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது,
யார் முதலில் வைப்பது என்று தெரியாமல்.

செக்போஸ்ட்டுக்கு எதிரே பீர்முகம்மது கடையில்
எலுமிச்சை மிளகாய்க்கும் செல்போன் ஸ்டாண்டுக்கும் நடுவே
சரமாகத் தொங்குகிறது.
எல்லா வண்டிக்கும் சேருமா?
"அம்பாசிடருக்குச் சேராது. அதுக்கு வேண்டியதும் இல்ல."
யார் வாங்குறாங்க?
"ஏறுறவங்க, இறங்குறவங்க, எல்லாரும்தான்.
வண்டி சும்மா தொணதொணன்னுது சார்.
குடும்பமாப் போறாங்க, ஒரு பாட்டுக் கேக்க வேண்டாமா?"
ஒன்றை எடுத்துத் துடைத்து நீட்டினார்.
வாங்கவில்லை. என்னிடம்தான் இருந்ததே, யார்டில்.

ஓடிய தூரம் எழுத மறந்திருந்தேன்.
திரும்பிப் போய்ச் சாவியைத் திருப்பினேன்.
பேட்டரியில் கொஞ்சம் மிச்சம்.
ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று.
படிவத்தின் கடைசியில் இதர விவரம்,
ஒரு வரிக்குத்தான் இடம்.
அதற்கு அது வேண்டுமே என்று
பின்னால் எட்டி அந்தத் துண்டைப் பிடுங்கினேன்.

வண்டி கத்தத் தொடங்கியது.
நசுங்கிய மூக்கோடு, ஒரு சக்கரம் இல்லாமல்,
காலி இருக்கைக்காக விடாமல் கத்தியது.
டாஷ்போர்டில் சின்னதாய்ச் சிவப்பாய் ஓர் ஆள் உருவம்
மினுங்கி மினுங்கி.

"சார், அத நிறுத்துங்க" என்றார்
ஷெட்டுக்குள்ளிருந்து வாட்ச்மேன் எசக்கி.

எப்படி நிறுத்துவதென்று எனக்குத் தெரியும்.
கையில்தான் இருக்கிறது.